விரல்விட்டு எண்ணுவதா, ரத்தத்தைப் பார்ப்பதா?

வயிற்றில் வீங்கிப்போன பெருந்தமனியைத் திறந்து சரிசெய்யும் அறுவை சிகிச்சையில், வயதானவர்களுக்கு இதயம்தான் பெரிய கவலை. அதன் சிக்கலை முன்கூட்டியே கணிக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

ஒன்று, 1999-இல் வந்த லீ குறியீடு. பெரிய அறுவையா, இதய ரத்தக்குழாய் நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின் போடுவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல்: ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தனிச் செலவில்லை, கட்டிலருகே நின்றே விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இந்த நோயாளிகள் எல்லோருக்கும் முதல் புள்ளி தானாக விழுந்துவிடும். அப்புறம், வயது என்ற கேள்வியே இதில் கிடையாது! 60-ம் 82-ம் ஒன்றுதான். ரத்தக்குழாய் அறுவைகளில் இது ஆபத்தைக் குறைத்துக் காட்டுவதாகப் பின்னாளைய ஆய்வுகள் சொல்லின.

இன்னொன்று, என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை. இதயத் தசை இழுபடும்போது ரத்தத்தில் கூடும் பொருள் இது. முழங்கால் வலியால் வாசல்படிகூட இறங்காத தாத்தாவுக்கு நெஞ்சுவலி எப்படித் தெரியும்? கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ரத்தம் அப்படி மறைக்காது. லிட்டருக்கு 300 நானோகிராமைத் தொட்டால், அறுவைக்குப் பின் 48 முதல் 72 மணி நேரம் தினமும் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்க்கச் சொல்கிறது கனடாவின் 2017 வழிகாட்டி. வலி மருந்தின் மயக்கத்தில் மாரடைப்பு சத்தமில்லாமல் வந்துபோகும் அல்லவா? குறையும் உண்டு: முதுமையாலும் சிறுநீரகக் கோளாறாலும்கூட அளவு ஏறும்.

என்னைக் கேட்டால், முதலில் புள்ளியை எண்ணலாம்; 65-ஐத் தாண்டியவருக்கு அதோடு நிறுத்தக் கூடாது.