பழைய பிரெஞ்சு, பிரிட்டிஷ் படங்களைப் பெரிய திரையில் பார்க்க: லண்டனா, பாரிஸா?

நான் இருப்பது லண்டனில். அக்கா குடும்பம் பாரிஸில், லா ஷப்பேல் பக்கம். செயின்ட் பேங்க்ராஸில் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுத்து பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தே போகலாம். அதனால் பழைய படங்களுக்கென்று ஒதுக்கும் காசை எந்த ஊரில் செலவழிப்பது என்பது எனக்கு உண்மையான கேள்விதான். இந்த வருடம் லண்டன் என்று முடிவுசெய்து, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் (பி.எஃப்.ஐ.) சவுத்பேங்க் தியேட்டர் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துவிட்டேன்.

எண்ணிக்கையில் பாரிஸை அடிக்க முடியாது. லத்தீன் குவார்ட்டரில் ஷாம்போலியோன் என்று ஒரு சின்னத் தெரு. ல ஷாம்போ, ரெஃப்ளே மெதிசிஸ், ஃபில்மோதெக் என மூன்று தியேட்டர்கள் ஒட்டியொட்டி இருக்கின்றன. மூன்றிலுமே பழைய படங்களுக்கு இடமுண்டு. பெர்சி பகுதியில் சினிமாதெக் ஃபிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம் தனி உலகம். 1936இல் ஆன்ரி லாங்லுவாவும் நண்பர்களும் தொடங்கியது; 2005இலிருந்து ஃபிராங்க் கெரி வடிவமைத்த கட்டடத்தில் இயங்குகிறது. டிக்கெட் விலையும் பொதுவாக லண்டனைவிடக் குறைவு. மாதச் சந்தா அட்டை ஒன்று வைத்திருந்தால் பல சிறிய தியேட்டர்களிலும் நுழையலாம் என்கிறார்கள். நான் எடுத்ததில்லை, ஆகவே அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

லண்டனில் இடங்கள் குறைவு. ஆனால் இருப்பவை கெட்டியானவை. வாட்டர்லூ பாலத்தடியில் இருக்கும் பி.எஃப்.ஐ.யின் பெரிய அரங்கில் 35, 70 எம்.எம். அகல ஃபிலிம் மட்டுமல்ல, எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் ஃபிலிமைக்கூட ஓட்ட வசதி உண்டு. லெஸ்டர் ஸ்கொயர் சந்தில் பிரின்ஸ் சார்ல்ஸ் தியேட்டர். சவுத் கென்சிங்டனில் பிரெஞ்சுக் கலாசார மையத்தின் சினே லுமியேர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் கானல் நீரிலிருந்து ஒமர் ஷெரீஃப் புள்ளியாக வருவதை டிவியில் பார்த்துப் பயனில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அது எந்த ஊர்த் திரைக்கும் பொருந்தும்.

என் முடிவைத் தீர்மானித்தது சப்டைட்டில்.

எனக்கு ஆங்கிலம் சரளம். பிரெஞ்சு, பேக்கரிக்கும் மெட்ரோவுக்கும் போதுமான அளவுதான். பாரிஸில் பிரிட்டிஷ் படம் போட்டால் சிக்கலில்லை: மூல மொழி என்று போட்டிருக்கும் காட்சியில் ஒலி ஆங்கிலம், கீழே பிரெஞ்சு எழுத்து. பிரெஞ்சுப் படம் போட்டால் கீழே ஒன்றுமே இருக்காது. இருக்கவும் தேவையில்லை, அது அவர்கள் ஊர். ஆக, பிரெஞ்சு தெரியாதவருக்குப் பிரெஞ்சுப் படம் பார்க்கத் தோதான ஊர் லண்டன்தான். ஆங்கில எழுத்தோடு பிரெஞ்சுப் படங்களைப் போடும் குழுவொன்று பாரிஸிலும் உண்டு, 'லாஸ்ட் இன் ஃபிரெஞ்ச்லேஷன்' என்று பெயர். அவர்கள் நடத்தும் நாளும் நாம் போகும் நாளும் ஒத்துவர வேண்டுமே.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்' (1945) படத்தின் உயிர் ழாக் பிரெவேர் எழுதிய வசனம். அதைப் பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்து பார்த்தால், நடிப்பு அருமை, உடைகள் அருமை என்று சொல்லிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். இயக்குநர் மெல்வீலின் 'ல சாமுராய்' (1967) வேறு மாதிரி. முதல் பத்து நிமிடம் யாரும் வாயே திறப்பதில்லை. தத்தியின் 'பிளேடைம்' (1967) அதைவிடவும் வசதி. பேச்சு அங்கே சத்தங்களில் ஒன்று, அவ்வளவுதான். இந்த இரண்டையும் நம்பிப் பாரிஸில் டிக்கெட் எடுக்கலாம். ஆனால் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எத்தனை படம் பார்ப்பது?

சப்டைட்டில் என்றாலே ஒரே தரம் என்றும் நினைக்க வேண்டாம். பழைய 35 எம்.எம். பிரிண்டில் எழுத்து ஃபிலிமிலேயே பதிந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் மேஜைவிரிப்போ பனியோ வெள்ளைச் சட்டையோ வந்தால் வெள்ளை எழுத்து அதில் கரைந்துவிடும். வசனத்தையும் சுருக்கியே எழுதியிருப்பார்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து எழுத்தே இல்லாத பிரிண்ட் வந்தால், திரையின் அடியில் தனியாக மின்னெழுத்து ஓடவிடுவார்கள்; ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி தட்டிக்கொண்டிருப்பார். அவர் ஒரு வரி பிந்தினால் கதாநாயகி சொன்னதை வில்லன் சொன்னதாக நினைத்துக்கொள்வோம். மறுசீரமைத்த டிஜிட்டல் பிரதியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதனால் பிரெஞ்சுப் படம் என்றால் டிஜிட்டல், பிரிட்டிஷ் படம் என்றால் பிரிண்ட் என்பது என் வழக்கமாகிவிட்டது. ஃபிலிம்தான் புனிதம் என்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். 'ரெட் ஷூஸ்' (1948) படத்தின் டெக்னிகலர் சிவப்பை நல்ல பிரிண்டில் பார்க்க நானும் வரிசையில் நிற்பேன். ஏறத்தாழ கால் மணி நேரம் நீளும் அந்த பாலே காட்சியில் படிக்க ஒரு எழுத்தும் கிடையாது.

எந்த ஊரானாலும் இருக்கையைப் பார்த்து எடுங்கள். சின்ன அரங்குகளில் தரை அதிகம் சரிந்திருக்காது. முன்வரிசைக்காரர் தலை சரியாக எழுத்து வரும் இடத்தை மறைக்கும். நடைபாதையோரம் உட்கார்ந்தால் கழுத்தைச் சாய்த்தாவது படிக்கலாம்.

சரி, லண்டனில் இழப்பே இல்லையா என்றால், உண்டு. ரெனுவாரின் 'ரூல்ஸ் ஆஃப் தி கேம்' (1939) படத்தில் முன்னால் இருவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் தாழ்வாரத்தில் இன்னும் நாலு பேர் குறுக்கும் நெடுக்கும் போவார்கள். கீழே படித்துவிட்டு நிமிர்வதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள். சிரிப்பும் கலைந்துவிடும்: எழுத்து முந்திக்கொள்வதால் நடிகர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அரங்கில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். பாரிஸில் அக்கா மகனோடு போனால் மொத்த அரங்கும் வசனத்தோடு சேர்ந்து சிரிக்கிறது, நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். அங்கேயே வளர்ந்த பிள்ளை, அவனுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒன்றுதான். அவனைப் போன்றவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் பாரிஸ்தான்.

என்னைப் போலப் பேக்கரி அளவுக்கே பிரெஞ்சு தெரிந்தவர்கள் பாரிஸ் போகும்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் பழைய படங்களைப் பாருங்கள். அங்கே படங்கள் மாறுவது புதன்கிழமை. போகுமுன் நிரலில் அது மூல மொழியா, பிரெஞ்சு டப்பிங்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் படங்களை லண்டன் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். 'பிளேடைம்' மட்டும் விலக்கு: அது 70 எம்.எம்.இல் எடுத்த படம், அந்த அளவிலேயே எந்த ஊரில் போட்டாலும் போய்விடுங்கள்.