எம்.பி.எட். இரண்டு ஆண்டுகள்: மைதானத்துக்கு முழு மதிப்பெண், மேலாண்மைத் தாளுக்குப் பாதி

எம்.பி.எட். என்னும் உடற்கல்வி முதுநிலைப் பட்டம் படிக்கலாமா என்று கேட்டு என்னிடம் யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் பி.பி.எட். என்னும் உடற்கல்வி இளநிலை முடித்துவிட்டுத் தனியார் பள்ளிகளில் விசிலும் கையுமாக நிற்கும் தங்கைகள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மேலூர்ப் பக்கத்துக்காரி, கபடி ஆடி வளர்ந்தவள். சில ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்து, ஒரு குழந்தைக்கும் தாயான பிறகு, மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் முதுநிலை சேர்ந்து முடித்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். குறை சொல்லும் இடங்கள் உண்டு. அவை அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவையும் அல்ல. ஐந்துக்கு மூன்றரை தருவேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எம்.பி.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டு ஆண்டு, நான்கு பருவப் படிப்பு. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் வரும் எம்.பி.ஏ., டிப்ளமோ எல்லாம் வேறு. அவற்றை வைத்துக்கொண்டு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக முடியாது. ஆசிரியர் வேலைதான் குறி என்றால், கல்லூரிக்கு அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள். சேர்க்கையில் மதிப்பெண்ணோடு உடல்திறன் தேர்வும் விளையாட்டுச் சான்றிதழ்களும் பார்ப்பார்கள்.

இனி மைதானம். இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேலூரில் விடியற்காலை பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இன்னொரு பஸ் மாறி, காலை வகுப்புக்குப் போய்ச் சேர்வது எளிதாக இருக்கவில்லை. ஆனால் ஓடுபாதை அளந்து கோடு போடக் கற்றுக்கொடுத்த அந்த ஒரு செய்முறைக்காகவே நான் அந்தப் பஸ்களை மறுபடியும் பிடிப்பேன். 400 மீட்டர் பாதையின் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். நம் பள்ளிகளில் அதற்கு இடம் ஏது? எங்கள் பேராசிரியர் முதல் வாரத்திலேயே, உங்கள் பள்ளித் திடலின் நீள அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், அதற்குள் பாதை போடலாம் என்றார். என் பள்ளித் திடலுக்கு 200 மீட்டர் பாதைதான் பொருந்தியது. நேர்ப்பகுதி 40 மீட்டர் வைத்தால் மீதி 120 மீட்டர் வளைவுகளுக்கு. முதல் லேனில் ஓடுகிறவர் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு; அதைக் கழித்தால் உள்விளிம்பின் ஆரம் 18.80 மீட்டர். ஆறு லேன் போட, ஏறத்தாழ 92 மீட்டர் நீளமும் 52 மீட்டர் அகலமும் வேண்டும். நடுவில் முளை அடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, சுண்ணாம்புப் பொடியோடு வளைவைச் சுற்றி வந்தபோது அந்த எண்கள் என் காலுக்குள் இறங்கின.

அதைவிடப் பெரிய பாடம், ஸ்டாகர் எனப்படும் முன்தள்ளல். வெளி லேன்களின் சுற்று நீளம் என்பதால் அங்கே ஓடுகிறவர்களை முன்னால் தள்ளி நிறுத்துவது. முழுச் சுற்று லேனிலேயே ஓடும் போட்டியில் இரண்டாவது லேனில் நிற்கும் பிள்ளையை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாவது லேனுக்கு 14.70. பாதை 200 மீட்டராக இருந்தாலும் 400 மீட்டராக இருந்தாலும் இந்த எண் மாறாது. லேனின் அகலம்தான் இதைத் தீர்மானிக்கிறது. இதை முதலில் கேட்டபோது யாருமே நம்பவில்லை. பேராசிரியர் இரண்டு அளவுப் பாதைகளையும் போட்டு டேப் பிடித்துக் காட்டினார். எத்தனை பள்ளி விளையாட்டு விழாக்களில் காலடியால் குத்துமதிப்பாக அளந்து பிள்ளைகளை நிறுத்துகிறார்கள்! வெளி லேனில் நின்ற பெண் குழந்தை உண்மையில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவளாக இருப்பாள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பள்ளி மாணவியாக ஓடியபோது ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டுத்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டம் வரை போனார். கோடு தவறாக இருந்தால் நேரம் தவறு. நேரம் தவறானால் யார் கண்ணிலும் படாமலே ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். இதை நான் பெரிய விஷயமாகவே எண்ணுகிறேன்.

உடலியல், விளையாட்டு மருத்துவத் தாள்களுக்கும் நல்ல மதிப்பெண் தருவேன், கற்பித்த விதத்துக்காக. கூப்பர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை வைத்து உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை மதிப்பிடுவது. ஒரு கடிகாரமும் அளந்த பாதையும் போதும். கிராமத்துப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

வெயில் பற்றிய பாடத்தைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மதுரையில் சித்திரை, வைகாசி என்றால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வந்தே தீரும். ஓடும்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், பிள்ளை தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, வண்டிக்குக் காத்திருப்பதுதான் நம் ஊர் வழக்கம். சுயநினைவு தடுமாறுகிறவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் கொண்டு போக வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வருவதற்குள் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் உடலை அமிழ்த்த வேண்டும், அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்க வேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டினார்கள். படிப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் நான் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. விளையாட்டு விழா அன்று அதில் தண்ணீர் நிரப்பி, பக்கத்திலேயே ஐஸ் பெட்டியும் வைக்கிறோம்.

சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற பழைய சூத்திரத்தை இன்னமும் வேதவாக்காக நடத்துகிறார்கள். 1978இல் அதை வகுத்த கேப் மிர்கின் என்ற மருத்துவரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பாடத்திட்டம் மாறவில்லை. பெண் வீரர்களின் உடல்நலத்துக்கு ஒதுக்கிய இடமும் மிகக் குறைவு. போதிய உணவு இல்லாமல் கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் எலும்பு பலவீனமாவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் 1992இலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை இன்னும் விரிவாக்கி, ஆண்களுக்கும் இந்த ஆற்றல் குறைபாடு உண்டு என்றது. கபடிப் பெண்களோடு நாள் முழுக்க நிற்கப்போகும் ஒருத்திக்கு இது ஒரு பக்கப் பாடம் அல்ல, ஒரு பருவத்துக்கான பாடம்.

மேலாண்மைத் தாளுக்கு வருகிறேன். பெயர் பெரியது, பாடம் மெலிந்தது. திட்டமிடல், அமைப்பாக்கம், பணியாளர் நியமனம் என்று அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் லூதர் கூலிக் 1937இல் வகுத்த போஸ்ட்கார்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இந்தக் கூலிக்கின் சித்தப்பாவும் ஒரு லூதர் கூலிக்தான். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஒரு புது உள்ளரங்க ஆட்டத்தை உருவாக்கச் சொல்லி, 1891இல் கூடைப்பந்து பிறக்கக் காரணமானவர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் படிப்பின் வேர் அந்தக் கல்லூரியிலிருந்து வருகிறது என்பதை நானாகத்தான் நூலகத்தில் தேடிப் படித்தேன். வகுப்பில் இப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டியலுக்கே ஓர் உயிர் வந்திருக்கும்.

ஆட்ட அட்டவணை போடுவது மட்டும் உருப்படியாக நடந்தது. 19 அணிகள் வந்தால் அடுத்த இரட்டிப்பு எண்ணான 32இலிருந்து கழித்து 13 அணிகளுக்கு ‘பை’ கொடுக்க வேண்டும், அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்ப வேண்டும்; 11 அணிகள் லீக் ஆடினால் 55 ஆட்டங்கள். இவை கைவந்துவிட்டன. ஆனால் ஒரு வரவு செலவுத் திட்டத்தைக் கூட எங்களைப் போட வைக்கவில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கபடிப் போட்டி நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். 12க்கு 8 மீட்டர் ஆடுகளம் என்பது எல்லோருக்கும் தெரியும். மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி, ஆம்புலன்ஸ், நடுவர்களுக்குப் படி, வெளியூர் அணிகளுக்கு ராத்தங்கல், அந்தப் பெண்களுக்குப் பூட்டும் கதவோடு கழிப்பறை, நன்கொடையாளருக்குக் கணக்கு: இவை எந்தத் தாளிலும் இல்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு நடந்த நான்கு நகரங்களில் மதுரையும் ஒன்று. எங்கள் வகுப்பிலிருந்து சிலர் தன்னார்வலர்களாகப் போனார்கள். ஓர் அணி இறங்கும் பஸ்ஸிலிருந்து அது சாப்பிடும் தட்டு வரை யார் பொறுப்பு என்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு பருவம் முழுக்கக் கிடைக்காத பாடத்தை எங்களுக்குச் சொன்னார்கள். 2025இல் ஆடவர் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்களே மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்துவிட்டன. கண் எதிரே இவ்வளவு நடக்கும்போது மாணவர்களை வகுப்பறையில் உட்கார வைத்துப் பட்டியல் எழுத வைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆய்வேடு கடைசிப் பருவத்தில். நூலகத்தின் அலமாரியைத் திறந்தால் ஒரே தலைப்பு வெவ்வேறு அட்டைகளில் இருக்கும்: தேர்ந்தெடுக்கப்பட்ட உடற்திறன் மாறிகளின் மீது பிளையோமெட்ரிக் (குதித்துத் தாவும்) பயிற்சியின் விளைவு. 15 பேர் பயிற்சிக் குழு, 15 பேர் கட்டுப்பாட்டுக் குழு, 12 வாரம், 0.05 நிலையில் முடிவு. நான் வேறொன்றைக் கேட்டேன். மதிய உடற்கல்வி வகுப்புக்கு முன்னும் பின்னும் மாணவிகளின் எடையை எடுத்தால் வியர்வையில் போன நீர் தெரிந்துவிடும். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தாலே ஆட்டம் தளரத் தொடங்கும் என்று படித்திருந்தோம். வழிகாட்டி முதலில் தயங்கினார், பிறகு துல்லியமான எடைக்கருவியை அவரே இரவல் வாங்கித் தந்தார். அதற்கு என்றும் நன்றியுடையவள். நாங்கள் எதிர்பார்த்தது வியர்வையை. தெரிந்ததோ, பல பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் மைதானத்துக்கு வருகிறார்கள் என்பது. கேட்டபோது எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்கவில்லை. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்தக் கழிப்பறையைப் பற்றித்தான்.

தலைப்பு தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடுபிடி வீரர்களுக்கு எந்த மூட்டில், எந்த நேரத்தில் காயம் படுகிறது என்று யாராவது முறையாகப் பதிவு செய்யுங்கள். உலகில் வேறெங்கும் கிடைக்காத களம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர் தேர்வு வாரியம் முதுநிலை ஆசிரியர் தேர்வோடு உடற்கல்வி இயக்குநர் நிலை 1 பணியிடங்களுக்கும் தேர்வு நடத்துகிறது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி முதுநிலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். முனைவர் பட்டத்தோடு வருகிறவர்களுக்குத் தனி வழிகள் உண்டு. அதோடு ஓட்டச் சோதனையும் இருக்கிறது: 30 வயது வரை உள்ள பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர், ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர். புத்தகத்தோடு காலையும் பழக்கத்தில் வைத்திருங்கள். தனியார் பள்ளியில் சம்பளம் கூடும் என்று நம்பிச் சேராதீர்கள். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை.

ஐந்தில் நான் குறைத்த ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்று மேலாண்மைத் தாளுக்காகக் குறைத்தது. மீதி அரை, ஆய்வகத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும். பிடி வலிமை அளக்கும் டைனமோமீட்டர், தோல்மடிப்பு அளக்கும் காலிப்பர், மூச்சளவு பார்க்கும் ஸ்பைரோமீட்டர் எல்லாம் பீரோவில் இருந்தன. சாவி ஒருவரிடம், அவர் பெரும்பாலும் விடுப்பில். பெண்களுக்கான உடை மாற்றும் அறையில் உடைந்த ஹர்டில்ஸ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் மாணவிகள் சேர்ந்து மனுக் கொடுத்து, இரண்டாம் ஆண்டில் அதைக் காலி செய்ய வைத்தோம். இப்போது படிக்கும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கட்டணம் கேட்கும்போது பருவக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். சீருடை, ஷூ, ரெக்கார்டு நோட்டு, முகாம், ஆய்வேடு அச்சடித்துக் கட்டும் செலவு எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். சேர்க்கை நாளன்று பளிச்சென்று இருக்கும் அலுவலகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சாதாரண நாள் ஒன்றில் காலை ஆறரை மணிக்குப் போய், பேராசிரியர்கள் மைதானத்தில் நிற்கிறார்களா என்று பாருங்கள். அப்படியே ஆய்வகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.