ஆட்டோடாக் வினா: இருப்பை நம்பலாம், மதிப்பெண்ணை நம்பக் கூடாது

புரதத்தின் குழிக்குள் ஒரு மருந்து மூலக்கூறு எப்படி உட்காரும் (அதுதான் 'இருப்பு'), எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் (அதற்குத்தான் 'மதிப்பெண்') என்று கணிக்கும் இலவச மென்பொருள்களில் முதலில் பழக வேண்டியது ஆட்டோடாக் வினா. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஓலெக் ட்ராட்டும் ஆர்தர் ஓல்சனும் உருவாக்கியது. 2021-ல் வந்த 1.2 பதிப்பைப் பைத்தான் நிரல்மொழியிலிருந்தே இயக்கலாம். சாதாரண மடிக்கணினி போதும்.

தவறெல்லாம் ஓட்டுவதற்கு முன்பே, கோப்பைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. எச்ஐவியின் நொதியான புரோட்டியேஸுடன் இண்டினாவிர் மருந்து சேர்ந்த, புரதத் தரவு வங்கியில் 1ஹெச்எஸ்ஜி என்ற குறியீடு கொண்ட கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி இரண்டு புரதச் சங்கிலிகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று ஒன்றை நீக்கினால் பாதிக் குழி போய்விடும். மருந்து உட்காருவதே இரண்டுக்கும் நடுவில்தான். நீர் மூலக்கூறுகளை ஒட்டுமொத்தமாகத் துடைப்பதும் இங்கே ஆபத்து. குழியை மூடும் புரதத்தின் மேல்மடிப்புக்கும் மருந்துக்கும் நடுவே பாலமாக நிற்கும் ஒரு நீரை விட்டுவைத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் சேர்க்க மறக்கக் கூடாது: எந்த அணு ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் என்பதை வினா அதை வைத்துத்தான் அறிகிறது. கோப்பில் எழுதும் பகுதி மின்சுமையையோ (அணுவுக்கு அணு ஒதுக்கும் சிறு மின்சுமை) அதன் இயல்பான மதிப்பெண் முறை பார்ப்பதே இல்லை.

வினா இருப்பைத் தேடும் எல்லையான தேடல் பெட்டி, குழியைச் சுற்றிச் சில ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடம் விட்டு அமைந்தால் போதும். பக்கத்துக்கு 30 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் தேடல் நீர்த்துப்போகும். எவ்வளவு தீவிரமாகத் தேட வேண்டும் என்று சொல்லும் 'எக்ஸாஸ்டிவ்னஸ்' இயல்பாக 8. இண்டினாவிர் போலச் சுழலும் பிணைப்புகள் நிறைய உள்ளவற்றுக்கு 32 வையுங்கள். தேடலின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றி மாற்றி மூன்று முறை ஓட்டி, ஒரே இருப்பு திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

படிகத்தில் இருந்த மருந்தையே மறுபடி பொருத்தி, ஆர்எம்எஸ்டி (கணித்த அணுக்கள் படிகத்து இடங்களிலிருந்து சராசரியாக விலகும் தூரம்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று சோதிக்காமல் புது மூலக்கூறைத் தொடவே வேண்டாம். கணக்கிடும் முன் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிவிட்டால் அந்த எண் பொய்யாகச் சிறுத்துவிடும். பலர் வழுக்குவது இங்கேதான்.

வளையங்களை வினா மடக்கிப் பார்ப்பதில்லை. ஆறணு வளையம் தப்பான வடிவில் உள்ளே போனால் அப்படியேதான் வெளியே வரும். பெருவளையங்களுக்கு மீகோ என்ற துணைக் கருவியைக் கொண்டு கோப்பைத் தயாரிப்பது நல்லது.

மதிப்பெண்ணில்தான் எச்சரிக்கை தேவை. வினாவை அறிமுகப்படுத்திய 2010 ஆய்வுக்கட்டுரையே பிணைப்பு ஆற்றல் கணிப்புக்குச் சொன்ன பிழை அளவு 2.85 கிலோகலோரி/மோல். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி என்பதே பிணைப்புத் திறனில் பத்து மடங்கு. ஆகவே பிழை நூறு மடங்கைத் தொடுகிறது. எண் குறையக் குறைய பிணைப்பு இறுக்கம் என்று கணக்கு; ஆனாலும் −8.9 வாங்கியது −8.4 வாங்கியதைவிடச் சிறந்த மருந்து என்று எழுதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெரிய மூலக்கூறுகள் பருமனாலேயே நல்ல மதிப்பெண் வாங்கும் என்பதால், ஒப்பிடும்போது எடை நெருங்கியவற்றையே பக்கத்தில் வையுங்கள்.