ஆர்.என்.ஆர் அரிசி: வீட்டில் எல்லாருக்கும் ஒரே உலை

திருச்சி மண்டிகளில் "சுகர் அரிசி இருக்கா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் நேராக ஆர்.என்.ஆர் சிப்பத்தைத்தான் காட்டுகிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது, பி.சி.ஓ.எஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைதான். இருந்தாலும் அதே அரிசிதான் எங்கள் வீட்டில் வேகிறது. என்னைப் போன்றவர்கள் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதன் முழுப்பெயர் ஆர்.என்.ஆர் 15048. ஹைதராபாத் ராஜேந்திரநகரில் இருக்கும் தெலங்கானா வேளாண் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட ரகம். அங்கே தெலங்கானா சோனா என்பார்கள். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண்ணுக்குக் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று பெயர். இந்த அரிசிக்கு அது 51 சொச்சம். 55-க்குள் இருந்தால் குறைவு, 70-க்கு மேல் போனால் அதிகம் என்பது கணக்கு. சாதாரண வெள்ளை அரிசிக்குச் சராசரியாக 73 சொல்கிறார்கள்.

பி.சி.ஓ.எஸ்-க்கும் இந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? எங்களில் நிறையப் பேருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, கழுத்தில் கருப்பு, தள்ளித் தள்ளிப் போகும் மாதவிலக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த அதிகப்படி இன்சுலின் இருக்கிறது. சாப்பிட்டவுடன் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் இருந்தால் இன்சுலினும் அந்த அளவுக்குப் பொங்காது. சிட்னி பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த கிளைசெமிக் உணவு சாப்பிட்ட பி.சி.ஓ.எஸ் பெண்களில் 95% பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கில் முன்னேற்றம் தெரிந்தது. வழக்கமான ஆரோக்கிய உணவு சாப்பிட்டவர்களில் அது 63%. அதே சமயம், பி.சி.ஓ.எஸ் சிகிச்சைக்காக 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிமுறை, இந்த உணவுமுறைதான் சிறந்தது என்று எதையும் தனியாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. நிலைத்துக் கடைப்பிடிக்க முடிகிற நல்ல உணவு எதுவானாலும் சரி என்கிறது. கடைப்பிடிக்க முடிவதில்தான் எனக்குச் சிக்கலே இருந்தது.

இதற்கு முன் கருப்பு கவுனி, காட்டுயாணம் என்ற பாரம்பரிய அரிசிகளை வாங்கினேன். ருசியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இரவே ஊறவைக்க வேண்டும், குக்கரில் வெகுநேரம் விட வேண்டும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்புகிற நான் எனக்கு மட்டும் ஒரு தனி உலை வைத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் பல் தாங்காது, பிள்ளைகள் நிறத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடுவார்கள். வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வேறு சோறு என்றாலே அவள் நோயாளியாகிவிடுகிறாள். விருந்தாளி வந்தால் விசாரணை வேறு. ஆர்.என்.ஆர் எனக்குச் செய்த பெரிய உதவி, அந்தத் தனிப் பாத்திரத்தை எடுத்துவிட்டது. அத்தை முதல்நாள் சாப்பிட்டுவிட்டு, "பொன்னி மாதிரிதாம்மா இருக்கு, இதையே வாங்கு" என்றார்.

உள்ளங்கையில் ஆந்திரா பொன்னியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இது இன்னும் மெல்லிசு, ஊசி மாதிரி. மெல்லிசு என்பதால் சட்டென்று வெந்துவிடும். அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், இரண்டு விசில் போதும். மூன்றாவது விசிலுக்கு விட்டால் குழைந்துவிடுகிறது. புது அரிசி என்றால் இன்னும் மோசம், வடித்துவிடுவதே நல்லது. நான் குழையாமல், பருக்கை பருக்கையாக நிற்கும்படிதான் எடுப்பேன். குழையக் குழையச் சோறு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் மதியம் ஒரு மணிக்கும் விறைத்துப் போவதில்லை.

இனி எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம். சமையலறைத் தராசில் 150 கிராம் சோறு வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கரண்டிக்கு ஒன்றரைக் கரண்டி. அதில் மாவுச்சத்து சுமார் 42 கிராம். கிளைசெமிக் இண்டெக்ஸ் 51-ஐ 42-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 21. சாப்பிடும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் இந்தக் கணக்குக்குக் கிளைசெமிக் லோடு என்று பெயர். 20-ஐத் தொட்டாலே அதிகம் என்ற வரிசையில் சேர்ந்துவிடும். அதே அளவு சாதாரண அரிசி என்றால் 31 வரும். ஆக இந்த அரிசி உண்மையிலேயே குறைக்கிறது. ஆனால் "நல்ல அரிசிதானே" என்று இரண்டாவது தடவையும் அதே அளவு போட்டுக்கொண்டால் 42. பொன்னியை ஒரு தடவை சாப்பிட்டதைவிட மோசம்! சிப்பத்தின் மேல் 'சுகர் ஃப்ரீ' என்று அச்சடித்து விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. மாவுச்சத்து இல்லாத அரிசி எங்கே விளைகிறது? அப்படி அச்சடித்த ஒரு சிப்பத்தைப் பிரித்தபோது பாதிக்குப் பாதி தடித்த அரிசி கலந்திருந்தது.

என் தட்டில் ஒன்றரைக் கரண்டிக்கு மேல் சோறு போடுவதில்லை. அதற்குச் சமமாகக் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, கூடவே கொண்டைக்கடலைக் குழம்போ பாசிப்பயறோ, இல்லாவிட்டால் இரண்டு முட்டை. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். மதியம் முதல் வகுப்பில் கண்ணைச் சொக்குகிற தூக்கமும், நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிற பசியும் எனக்குக் குறைந்திருக்கின்றன. மாதவிலக்கும் முன்னைவிட ஒழுங்காக வருகிறது. ஆனால் அந்தப் பெருமையை அரிசிக்குக் கொடுக்க மாட்டேன். இன்சுலின் சரியாக வேலை செய்ய மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன், சாயங்காலம் நடக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அரிசியை மாற்றலாமா என்று என்னிடம் கேட்ட தங்கைகளுக்கு: வேண்டாம்மா, டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இட்லிக்கு இது தோதுப்படாது, விலைக்கும் கட்டாது. தவிர, மாவாக அரைத்துவிட்டால் எந்த அரிசியும் வேகமாகத்தான் செரிக்கும். காலைக்குக் கடலைப்பருப்பு கூடுதலாகப் போட்ட அடை, பாசிப்பயறு தோசை இரண்டும்தான் எனக்கு ஒத்துவருகின்றன.

நான் வாங்கியது கிலோ 68 ரூபாய். ஒரேயடியாக 26 கிலோ சிப்பம் எடுக்காமல் முதலில் இரண்டு கிலோ சில்லறையில் வாங்கி வடித்துப் பாருங்கள். பச்சரிசி, புழுங்கல் இரண்டும் கிடைத்தால் புழுங்கலைக் கேளுங்கள், அறுவடையாகி ஆறு மாதமாவது ஆன பழைய அரிசியாக இருக்கட்டும்.