பயமா என்று கேட்பதா, முடியுமா என்று கேட்பதா? ஆங்கிலத் தன்னம்பிக்கையை அளக்கும் இரண்டு வினாநிரல்கள்

முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் வகுப்பில் கணிசம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தபிறகு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்களை இன்னும் அதிகமாகப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அவர்கள் எவ்வளவு மார்க் என்பது எங்களிடம் இருக்கிறது. அந்த மொழியில் தன்னால் என்ன முடியும் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. மார்க்கும் நம்பிக்கையும் சேர்ந்தே போவதில்லை; பாடம் நடத்துகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அதனால் செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு வினாநிரல் கொடுத்து அளக்கலாம் என்று துறையில் முடிவானது. எதைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது.

போட்டியில் கடைசிவரை நின்றவை இரண்டு. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் கொண்டுவந்த, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட சுயமதிப்பீட்டு அட்டவணை நல்லதுதான். ஆனால் ஒரு செமஸ்டருக்குள் ஒரு படி ஏறுவதே பெரிய காரியம்; நடுவில் நடக்கும் முன்னேற்றம் அதில் தெரியாது. மாணவர்களின் கற்றல் ஊக்கத்தையும் கற்கும் உத்திகளையும் அளக்கும் 1991இன் எம்.எஸ்.எல்.கியூ. வினாநிரலில் 81 கூற்றுகள். அதில் தன்திறன் நம்பிக்கைக்கு, அதாவது இந்த வேலை தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, எட்டுதான், அவையும் நல்ல கிரேடு வாங்குவேன், பாடம் புரிந்துவிடும் என்கிற போக்கில் போகின்றன. தகவல்தொடர்பு ஆய்வாளர் மெக்ராஸ்கியின் ‘பேசும் விருப்பம்’ அளவுகோலில் 20 கூற்றுகள்; எட்டு வெறுமனே இடையில் செருகப்பட்டவை. அது பேச்சோடு நின்றுவிடுகிறது.

இனி அந்த இரண்டு. முதலாவது எஃப்.எல்.சி.ஏ.எஸ்., அதாவது அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோல். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எலேன் ஹார்விட்சும் அவருடன் இருவரும் உருவாக்கி 1986இல் வெளியிட்டது. 33 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளில் பதில், மொத்தம் 33இலிருந்து 165 வரை மதிப்பெண். கூடக் கூடப் பதற்றம் அதிகம் என்று பொருள். ‘என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தால் நடுங்குகிறேன்’, ‘தெரிந்ததும் பதற்றத்தில் மறந்துபோகிறது’, ‘மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது’ என்கிற மாதிரிக் கூற்றுகள். இவற்றைப் படிக்கும்போதே நம் வகுப்பின் கடைசி மூன்று பெஞ்சும் கண்ணுக்குத் தெரியும். நம்பகத்தன்மை பற்றி யாரும் குறை சொல்ல முடியாது: கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உள்ளொத்திசைவு 0.93, எட்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது இரண்டு முறை வந்த மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.83 (இரண்டிலும் 1தான் உச்சம்) என்பது தொடக்க ஆய்விலேயே வந்த கணக்கு. உலகம் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

இரண்டாவது கியூ.இ.எஸ்.இ., ஆங்கிலத் தன்திறன் நம்பிக்கை வினாநிரல். சுவாங் வாங் உருவாக்கியது. சீனா, கொரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். 32 கேள்விகள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் எட்டு. ‘என்னால் சுத்தமாக முடியாது’ என்பதிலிருந்து ‘மிக நன்றாக முடியும்’ வரை ஏழு நிலைகள். கேள்விகள் எல்லாம் வேலைகளைப் பற்றியவை: உங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா, ஆங்கிலத்தில் சொல்லும் கதை புரியுமா, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத முடியுமா.

நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. என் சாய்வு முழுக்க அதன் பக்கம்தான்.

பதற்றத்தையும் நம்பிக்கையையும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக எடுத்துக்கொள்ளலாமே என்பது முதல் அளவுகோலுக்காகப் பேசியவர்களின் வாதம். முழுவதும் தவறில்லை, இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராகத்தான் நகர்கின்றன. ஆனாலும் கை நடுங்க எழுந்து நின்று சரியாகப் பதில் சொல்கிற பெண் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. எந்தப் பயமும் இல்லாமல், ஆங்கிலம் தனக்கு வராது என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பையனும் உண்டு. பதற்ற அளவுகோல் முதல் ஆளைக் கவலைக்குரியவராகக் காட்டும், இரண்டாம் ஆளை விட்டுவிடும். எனக்கு அதிகம் கவலை தருவது அந்த இரண்டாம் ஆள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானித்தது அதுதான்: மதிப்பெண் கையில் வந்த மறுநாள் வகுப்பில் என்ன செய்வது?

ஒரு மாணவருக்குப் பதற்ற அளவுகோலில் 118 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகம்தான். சரி, அப்புறம்? அவரிடம் அன்பாகப் பேசலாம், திடீரென்று கூப்பிடாமல் இருக்கலாம். நல்ல ஆசிரியர் இதை எந்த வினாநிரலும் இல்லாமலே செய்வார். அந்த 118க்குள் எந்த வேலை அவரைத் தடுக்கிறது என்பது இல்லை. கூற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாலும், நடுங்குகிறேன், மறந்துபோகிறது, மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்று உணர்வின் விவரம்தான் கிடைக்கும்.

வேலைகளைக் கேட்கும் வினாநிரலில் அப்படியில்லை. ஒரே சராசரி வந்த இருவரை எடுத்துப் பாருங்கள். ஒருவர் படித்தலில் ஐந்து, ஆறு என்று போட்டிருக்கிறார், பேசுதலில் எல்லாம் இரண்டு. இன்னொருவர் கேட்டலில் மேலே, எழுதுதலில் கீழே. கிரிக்கெட் வர்ணனையும் யூடியூபும் பார்த்துப் பழகியவராக இருப்பார். இவருக்கும் அவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் ஒருவருக்கு வீண். பேசுதலுக்குள்ளேயே ‘என் ஊரிலிருந்து கல்லூரிக்கு வழி சொல்ல முடியும்’ என்பதற்கு நான்கு போட்டவர், ‘ஆசிரியரிடம் கேள்வி கேட்க முடியும்’ என்பதற்கு ஒன்று போட்டிருந்தால், வழி சொல்வதில் தொடங்கிக் கேள்வி கேட்பதற்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

தன்திறன் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. பதற்ற அளவுகோல் நான்காவதைச் சுற்றியே நிற்கிறது. வேலைவாரியாகக் கேட்டால் முதலாவதற்கு நேராகப் போக முடிகிறது. மூன்று போட்ட வேலையை எடுத்து, சின்னதாக்கி, ஒருமுறை செய்யவைத்தால் போதும், அடுத்த வேலைக்கு வழி கிடைக்கிறது. ஒன்று போட்டதில் கை வைப்பதில்லை. அங்கே முதலிலேயே தோற்றால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். இரண்டாவது ஊற்றுக்கும் இது உதவுகிறது: பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்து, அதே வேலைக்கு ஐந்து போட்டவரை அவரோடு ஜோடியாக உட்காரவைக்கலாம்.

மூலக் கேள்விகளை அப்படியே எடுக்கவில்லை. மாணவருக்கு உண்மையில் வரப்போகும் வேலைகள் சிலவற்றைச் சேர்த்தோம்: லேப் வைவாவில் பதில் சொல்வது, எச்.ஓ.டி.க்கு விடுப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது, பிளேஸ்மென்ட் குழு விவாதத்தில் முதல் வாக்கியம் பேசுவது. இதற்குப் பண்டூரா 2006இல் எழுதிய அளவுகோல் வழிகாட்டி மிகவும் உதவியது. ‘செய்வேன்’ என்று கேட்காமல் ‘முடியும்’ என்று கேட்க வேண்டும், சுலபத்திலிருந்து கடினம் வரை வேலைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் உச்சிக்குப் போய்விடுவார்கள் என்கிறது அது. தொடங்கும் முன் எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்று கேட்டுப் பழக்கவும் சொல்கிறது. நாங்கள் அரிசி மூட்டையை வைத்துக் கேட்டோம், 10 கிலோ, 25 கிலோ, 50 கிலோ என்று. அதற்குப்பிறகு எண் போடுவதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தாளின் தலைப்பில் ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லையே போட வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டியின் யோசனை. அது மிகச் சரி. “மேடம், இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா?” என்பதுதான் முதலில் வந்த கேள்வி. இல்லை என்று சொல்லி, பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுத்து, அந்தப் பட்டியல் பாட ஆசிரியர் ஒருவரிடம் மட்டும்தான் இருக்கும் என்றும் சொன்ன பிறகே பதில்களில் ஒன்றும் இரண்டும் வர ஆரம்பித்தன.

தமிழில் கொடுப்பதா, ஆங்கிலத்திலா என்பதில் விவாதமே தேவையில்லை, தமிழில்தான். ஆங்கிலத்தில் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்ளும் திறனையும் சேர்த்து அளந்துவிடுவோம். இங்கேயும் பதற்ற அளவுகோலில் சிக்கல் உண்டு. அதில் ஒன்பது கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். ‘தவறு செய்வதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை’ என்பதற்கு ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று டிக் போடும் இடத்தில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. எழுதுதல் பகுதியில் மாணவர்கள் போடும் எண்ணை நான் அவ்வளவு நம்புவதில்லை. தேர்வில் கட்டுரையை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவர்கள், சொந்தமாக எழுதவும் முடியும் என்று நினைக்கிறார்கள். முதல் ஒப்படைப்புக்குப்பின் அந்த எண் இறங்குகிறது. அந்த இறக்கத்தை நல்லதாக எடுத்துக்கொள்வதா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கருத்து. எண்கள் ஏறியதெல்லாம் எங்கள் பயிற்சியால்தானா, கல்லூரி பழகிப்போனதாலா என்பதையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் ஒப்பீட்டு வகுப்பு, அதாவது இந்தப் பயிற்சி பெறாத வகுப்பு, இல்லை. கலைக் கல்லூரிகளில் இது எப்படி வேலை செய்யும் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு.

முனைவர் பட்ட ஆய்வுக்கு, பிற நாட்டு முடிவுகளோடு ஒப்பிட, அல்லது வகுப்பறைச் சூழலே பிரச்சினை என்று சந்தேகம் இருந்தால் பதற்ற அளவுகோலை எடுங்கள். ஆசிரியர் ஒருவர் எல்லோரையும் கேலி செய்கிறார் என்றால் அதைக் காட்டிக்கொடுப்பது அதுதான். வகுப்பு எடுக்கிறவராக, அடுத்த வாரம் என்ன செய்வது என்று தெரிய வேண்டுமானால் கியூ.இ.எஸ்.இ. எடுத்து, உங்கள் மாணவர்களின் வேலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிடும் எண்ணம் இருந்தால் உருவாக்கியவரிடம் அனுமதி கேட்பது முறை. சேர்த்த கேள்விகளை ஆண்டுதோறும் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். இந்த ஆண்டு நாங்கள் சேர்க்கப்போவது காணொளி நேர்காணல். மடிக்கணினித் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேச முடியுமா என்ற கேள்வி போன முறை தாளில் இல்லை.