பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கில மாலை வகுப்பு

ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்ததே ‘மே’ (may), ‘கேன்’ (can) இரண்டில் எதை எங்கே போடுவது என்ற தகராறைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

ஆசிரியை கெட்டிக்காரர். “விசிட்டர்ஸ் மே நாட் என்டர்” என்று பலகையில் எழுதினார். அது தடை, நுழையக் கூடாது. அடுத்து “ஹி மே நாட் கம்” என்று எழுதினார். இங்கே தடை ஏதும் இல்லை, ஆள் வராமலும் போகலாம். “குட் (could) ஐ லீவ் எர்லி?” என்று பணிவாகக் கேட்கலாம். ஆனால் அனுமதி கொடுப்பவர் “யூ குட்” என்று சொல்வதில்லை. ‘கேன்’ அல்லது, முறையான கடிதமென்றால், ‘மே’. ஒப்பந்தத்தில் ‘ஷல்’ (shall) வந்தால் செய்தே தீர வேண்டும், ‘மே’ வந்தால் செய்பவர் விருப்பம். எனக்குச் சோறு போடும் பாடம் இதுதான். ‘மைட்’ (might) மட்டும் அவசரத்தில் விடுபட்டுப் போனது.

நிர்வாகம்தான் சரியில்லை. துண்டறிக்கையில் ‘கட்டணம் தவணையில் ஏற்கப்படலாம்’ என்றிருக்கிறது. கேட்டால் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள். அந்த ‘லாம்’ எந்த வகை என்று ஆசிரியையிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். மின்விசிறியும் முதல் வரிசைக்கு மட்டுமே.

அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். பேச்சு ஆங்கிலம் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.