ஓட்டோ கியர் அடம்பிடித்தால்: ஒயிலா, சொலினொயிட்டா, வேறு கியர் பொக்ஸா?

காலையில் ஸ்டார்ட் பண்ணி ‘டி’யில் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரை வண்டி அசையாது. பிறகு ‘டொக்’ என்று ஒரு இடி. என் டொயோட்டா 121 கொரோலா இரண்டு மாதமாகக் கோண்டாவில் ஒழுங்கையில் இப்படித்தான் மானத்தை வாங்கியது. முதலில் காட்டிய கராஜில் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. “அண்ணை, பொக்ஸை மாத்துங்கோ. கொழும்பில ஜப்பான் பொக்ஸ் எடுக்கலாம்.”

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பவும் தொடங்கியது. அதனால் இருபது வயதுக் கார்களை இங்கே யாரும் கைவிடவில்லை. கேள்வி, எந்தச் செலவை முதலில் செய்வது என்பதுதான்.

மலிவானது பொக்ஸ் ஒயில். ஆனால் மாற்றுமுன் பாருங்கள். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடாக்கி, சமதரையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் போய் ‘பி’க்கு வந்து பொக்ஸின் ஒயில் குச்சியை இழுங்கள். (ஹொண்டா என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு.) வெள்ளை ரிஸுப் பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகப் படர்ந்தால் பயமில்லை. மண்ணிறம் என்றால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. கறுத்து, கருகிய மணமும் வந்தால் கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அதற்குப் புது ஒயில் விடுவது செத்த மாட்டுக்குப் புல்லுப் போடுகிற கதை.

கீழே திறந்து விட்டால் பாதி ஒயில்கூட வராது, மீதி எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவிலுள்ள கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கும். அதனால் சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தடவை மாற்றுங்கள். மெசின் வைத்து ஒரேயடியாகத் தள்ளுவதில் எனக்கு விருப்பமில்லை; பழைய பொக்ஸில் படிந்த தூளை ஏன் கிளப்புவான்? 121க்கு ‘ரீ ஃபோர்’ (Type T-IV) ஒயில்தான். “எல்லாம் ஒண்டுதான்” என்று கடையில் நீட்டுவதை வாங்காதீர்கள்.

மீற்றர் பலகையில் ஓவர்டிரைவ் (O/D) லைற் தானாக மினுங்கினால், பிழைக் குறியைப் படிக்கும் ஸ்கானர் உள்ள இடத்துக்குப் போங்கள். இந்தக் காரில் பொக்ஸை இறக்காமலே, கீழ்த் தட்டைக் கழற்றிச் சொலினொயிட் (ஒயில் போகும் வழியை மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) மாற்றலாம். அதற்கு முதல் வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கியர் வழுக்காமல் இடி மட்டும் கேட்டால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டையும் பாருங்கள்.

கருகியது உறுதியானால்தான் கொழும்பில் பாவித்த பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் பயணம். பிரித்துத் திருத்துவது நல்லதுதான், ஆனால் முழு சீல் கிற், கிளச் தட்டு, தூசில்லாத மேசை, பழகிய கை எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும். அமையாவிட்டால் பாவித்த பொக்ஸே மேல் என்பேன். அதுவும் வயசான சரக்குத்தான், மறக்க வேண்டாம். காரின் தகட்டில் உள்ள பொக்ஸ் குறியீட்டைப் பொருத்திப் பார்த்து, பழுதென்றால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாயைக் கழுவாமல் பூட்டினால் பழையதன் கரி புதியதற்குள் போய்விடும். இன்னொன்று: யாழ்ப்பாணம் மேடில்லாத ஊர். பண்ணைப் பாலத்தில் வழுவழு என்று ஓடுவது கண்டி ஏற்றத்தில் வழுக்கும்.

என் காரில் கடைசியில் அகப்பட்டது அச்சுப் பக்கத்து ஒயில் சீல். ஒயில் கசிந்து கசிந்து குச்சியின் கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தது. சீல் மாற்றி, ஒயிலும் மூன்று தடவை மாற்றியாயிற்று. இப்போது ‘டி’ போட்டதும் பிடிக்கிறது. மார்கழிக் காலையில் மட்டும் இன்னும் ‘ஒன்று’ எண்ண நேரம் விடுகிறது.